57 ஹெர்ட்ஸில் ஓடிய கிரைண்டர்

“பின்னாடி கிரைண்டர் ஏதாவது ஓடுதாங்க?” என்று கேட்டுவிட்டு மனைவி நிஜமாகவே தலையைத் திருப்பிப் பின் சீட்டைப் பார்த்தாள். பின் சீட்டில் பையன் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் புளியோதரை டப்பா. ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியிலிருந்து கிளம்பி, ஐ-10 நெடுஞ்சாலையில் சான் அன்டோனியோ போய்க்கொண்டிருந்தோம். வேகம் 70 மைல். வேகத்தைத் தானாகப் பிடித்துக்கொள்ளும் க்ரூஸில் போட்டுவிட்டுக் காலை எடுத்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

“ரோடு அப்படி” என்றேன்.

ரோடு அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும். 240 டாலர் கொடுத்து வண்டிக்குப் புது சைலன்சர் மாட்டி அன்றைக்கு ஆறாவது நாள். அந்த ஐந்து நாளும் ஊருக்குள்ளேயே ஓட்டியதால், உலகத்திலேயே கெட்டிக்காரன் நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வண்டி 2016 செவர்லே சில்வராடோ 1500. பழைய வண்டியாக வாங்கியது. 5.3 லிட்டர் வி8, 355 குதிரைசக்தி. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பாதிக்கிறவனுக்கு எதற்குப் பிக்கப் என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. வாங்கிய பிறகு அவர்களே வாரம் ஒருவராக சோபா மாற்றக் கூப்பிட்டார்கள், அது வேறு கதை. என் குறை ஒன்றுதான். வண்டியில் சத்தமே இல்லை. எட்டு சிலிண்டரை உள்ளே வைத்துக்கொண்டு வெளியே ஃபிரிட்ஜ் மாதிரி நின்றது. சிக்னலில் பக்கத்தில் நிற்கிறவனுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியவே தெரியாது. அவனுக்கு ஏன் தெரியவேண்டும் என்று இன்று கேட்டால் பதில் இல்லை. அன்று அது ஒரு பெரிய விஷயமாக இருந்தது.

என் காது 90-களில் சேலத்தில் பழகிய காது. டூ ஸ்ட்ரோக் பைக்கான ஆர்எக்ஸ்100 தெருமுனையில் திரும்பும்போதே ஓட்டுகிறவர் யார், எந்த கியரில் வருகிறார் என்று சொல்லிவிடுவோம். எக்ஸாஸ்ட் பற்றி நான் நம்பிக்கொண்டிருந்ததெல்லாம் அந்த வண்டியைப் பிரித்த பட்டறை வாசலில் கேட்டதுதான். அதில் முக்கியமானது ‘பேக் பிரஷர் போயிட்டா வண்டி இழுக்காது’ என்பது. பேக் பிரஷர் என்றால் வெளியே போகும் புகையை பைப் எதிர்த்துத் தள்ளும் அழுத்தம். சொன்னவர் பொய் சொல்லவில்லை. டூ ஸ்ட்ரோக்கில் எக்ஸாஸ்ட் பைப்பின் வடிவமே இன்ஜினின் ஒரு பாகம் மாதிரி. நடுவில் பருத்துப் பின்னால் சிறுக்கும் அந்தக் கூம்பு, வெளியே போன அழுத்த அலையைத் திருப்பி அனுப்பும். எரியாமல் தப்பிக்கப் பார்த்த புதுக் கலவையை அது மறுபடி சிலிண்டருக்குள் தள்ளிவிடும். சைலன்சரை வெட்டினால் வண்டி செத்துப்போகும், உண்மைதான்.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் கதை வேறு. அங்கே வால்வு இருக்கிறது, எதையும் திருப்பித் தள்ளத் தேவையில்லை. வேண்டியது வேகம். ஒரு சிலிண்டர் தள்ளிய வாயு பைப்பில் வேகமாக ஓடினால் அதன் வாலில் அழுத்தம் குறையும். அந்தக் குறைவு அடுத்த சிலிண்டரின் கழிவை உறிஞ்சி எடுக்கும். பைப்பை அளவுக்கு மீறிப் பெரிதாக்கினால் வாயு சோம்பிவிடும், கீழ் ஆர்பிஎம்மில் இழுவை குறையும். அதைப் பார்த்துவிட்டு, ‘பாத்தியா, பேக் பிரஷர் போச்சு’ என்பார்கள். போனது பேக் பிரஷர் இல்லை, ஓட்டம். இதை நான் தெரிந்துகொண்டது சைலன்சர் மாட்டிய பிறகுதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பட்டறைக்குப் போன கதையைச் சொல்கிறேன். ஹூஸ்டனில் எக்ஸாஸ்ட் கடைகளுக்குப் பஞ்சமில்லை. நான் போனது ஒரு மெக்சிகோக்காரப் பெரியவர் நடத்தும் தகரக் கொட்டகை. போன வேகத்தில் “சைலன்சர் மாத்தணும்” என்று சொல்லிவிட்டேன். பெரியவர் கண்ணாடியை இறக்கி என்னை மேலும் கீழும் பார்த்தார். “துப்பாக்கிக்கா, வண்டிக்கா?” அமெரிக்காவில் அந்தச் சொல் துப்பாக்கிக்குப் போய்விட்டது. வண்டியில் இருப்பது மஃப்ளர். நமக்கு பிரிட்டிஷ்காரன் விட்டுப்போன சொல் பழகிவிட்டது. ஆனால் இரண்டுக்கும் உறவு உண்டு. ஹைரம் பெர்சி மாக்சிம் என்பவர் 1909-இல் துப்பாக்கி சைலன்சருக்குக் காப்புரிமை வாங்கினார். இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த மாக்சிமின் மகன். அதே யோசனையை அவர் கம்பெனி இன்ஜின்களுக்கும் கொண்டுபோனது. சீறிப் பாயும் சூடான வாயுவை அறைக்குள் சுற்றவிட்டு, ஆறப்போட்டு, மெல்ல வெளியே விடு என்பதுதான் யோசனை. அப்பா சத்தத்தைக் கண்டுபிடிக்க, மகன் அதை அமுக்கக் கண்டுபிடித்த குடும்பம்.

கடையில் மூன்று வழி இருந்தது. முழு கேட்-பேக் செட், அதாவது புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குப் பின்னால் வால் வரை எல்லாமே புதிது. 304 ரக ஸ்டெயின்லெஸில் என்றால் ஆயிரம் டாலரைச் சாதாரணமாகத் தொடும். அடுத்தது அதே செட், 409 ரக ஸ்டெயின்லெஸில். காந்தம் ஒட்டும், மேலே கொஞ்சம் துரு பூக்கும், ஆனால் ஓட்டை விழப் பல வருஷம் ஆகும். குளிர்காலத்தில் சாலையில் உப்பு கொட்டும் மிஷிகன் பக்கம் என்றால் இந்த வித்தியாசத்துக்குக் காசு கொடுக்கலாம். டெக்சஸில் வெயில்தான் கொட்டும். மூன்றாவது, இருக்கிற பைப்பை வைத்துக்கொண்டு நடுவில் இருக்கும் மஃப்ளரை மட்டும் மாற்றுவது. நான் மூன்றாவதை எடுத்தேன். அதிலும் நேர்ப்பைப் ரகம். உள்ளே ஓட்டை போட்ட குழாய் ஒன்று, அதைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு, அவ்வளவுதான். ஒரு பக்கம் கண்ணை வைத்தால் மறுபக்கம் பெரியவரின் செருப்பு தெரிந்தது. இவ்வளவு திறந்திருந்தால் பவர் கொட்டும் என்று நினைத்தேன்.

வேலை 40 நிமிடம். வண்டியை லிஃப்டில் ஏற்றி, அடியில் தொங்கும் ஸ்டெப்னியை இறக்கி, ரப்பர் ஹேங்கர்களில் சிலிகான் ஸ்ப்ரே அடித்துக் கழற்றி, வாள் வைத்து அறுத்தார். பழைய மஃப்ளர் கீழே விழுந்தபோது தரை அதிர்ந்தது. சூட்கேஸ் பருமனில் ஒரு குண்டு. “இதைக் குப்பையில் போடவா, அமிகோ?” என்றார். நம் வீட்டில் பிரஷர் குக்கரின் பழைய கேஸ்கட்டைக்கூடத் தூக்கிப் போடுவதில்லை. வண்டியிலேயே போட்டு எடுத்து வந்தேன்.

முதல் முறை ஸ்டார்ட் செய்ததும் புதுப் பைப்பில் ஒட்டியிருந்த எண்ணெய் புகைந்து, பிறகு அடங்கியது. அந்தச் சத்தம்! அதைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது.

அமெரிக்க வி8-க்கு என்று ஒரு தாளம் இருக்கிறது. சீராக ஓடாமல் கொஞ்சம் தடுக்கித் தடுக்கி, ஏதோ கொப்பளிக்கிற மாதிரி. அது பழுது இல்லை, கணக்கு. இந்த இன்ஜினில் சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை 1-8-7-2-6-5-4-3. ஒற்றைப்படை எல்லாம் இடது பக்கம், இரட்டைப்படை வலது. மொத்தமாகப் பார்த்தால், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் 90 டிகிரி திரும்புவதற்கு ஒரு வெடி, கச்சிதம். ஆனால் இடது பக்கத்தை மட்டும் கேட்டால் 1-க்குப் பிறகு 180 டிகிரி கழித்து 7, பிறகு 270 கழித்து 5, 180 கழித்து 3, வெறும் 90-இல் மறுபடி 1. வலது பக்கமும் இப்படியே நொண்டும். கிராங்க் ஷாஃப்டைச் சிலுவை மாதிரி வளைத்ததால் வந்தது இது. 1923-இல் காடிலாக் அதைச் செய்தது அதிர்வைக் குறைக்க, சத்தத்துக்காக இல்லை. அதிர்வை எடுத்த இடத்தில் தாளம் வந்து உட்கார்ந்துகொண்டது. நூறு வருஷமாக ஒரு நாடே அதில் மயங்கிக் கிடக்கிறது. மிருதங்கக்காரர் சமத்தில் விழாமல் கொஞ்சம் தள்ளி விழும்போது சபையில் தலை ஆடுமே, அந்தச் சுகம்தான். என் வண்டியில் இரண்டு பக்கமும் ஒரே பைப்பில் சேர்ந்துவிடுவதால் நொண்டல் கொஞ்சம் அமுங்கும். இருந்தாலும் வரும் பாதை இரண்டும் ஒரே நீளம் இல்லை, அந்த மிச்சம் போதும்.

வீட்டுக்கு நேராகப் போகாமல் மூன்று பாலத்துக்கு அடியில் புகுந்து புறப்பட்டேன். வயசு 41.

பவர் விஷயத்தை இங்கேயே முடித்துவிடலாம். மாற்றுவதற்கு முன்னால் ஒரு கடையில் பவரை அளக்கும் டைனோவில் ஏற்றிச் சக்கரத்தில் எவ்வளவு வருகிறது என்று பார்த்து வைத்திருந்தேன், 291 குதிரைசக்தி. மாற்றிய பிறகு 294. டைனோக்காரன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “வெயில் குறைந்திருந்தாலே இந்த மூன்று வந்திருக்கும்” என்று ஆறுதல் சொன்னான். காரணம் பிறகு புரிந்தது. மஃப்ளர் காற்றை மறிப்பது 5,000 சுற்றுக்கு மேல், ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதிக்கும்போது. நான் தினமும் ஓட்டுவது 1,500 முதல் 2,500 வரை. அந்த ஓட்டத்துக்குக் கம்பெனி மஃப்ளரே தாராளம். உண்மையில் மறிப்பது அதற்கு முன்னால், சிலிண்டர்களின் புகையை ஒன்று சேர்க்கும் மேனிஃபோல்டும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும்தான். ஆனால் வண்டி வேகமாகிவிட்டது என்று எனக்குச் சத்தியமாகத் தோன்றியது. சத்தம் அதிகமானால் கால் தானாக அழுத்துகிறது. கால் அழுத்தினால் வண்டி ஓடுகிறது. பெட்ரோல் பில்லிலும் அது தெரிந்தது.

“அப்ப கன்வர்ட்டரை எடுத்துருங்க ஜி” என்றார் ஆபீஸ் நண்பர் ஒருவர். இதைச் சொல்ல எல்லா ஊரிலும் ஒருவர் இருப்பார். கன்வர்ட்டரை எடுப்பது இங்கே ஃபெடரல் சட்டப்படி கூடாது. நான் இருக்கும் ஹாரிஸ் கவுன்டியில் வருஷா வருஷம் புகைப் பரிசோதனை உண்டு. 2025-இல் டெக்சஸ் சொந்த வண்டிகளுக்குப் பாதுகாப்புப் பரிசோதனையை எடுத்துவிட்டது, புகைப் பரிசோதனையை எடுக்கவில்லை. அதெல்லாம் இருக்கட்டும், பிளாட்டினமும் பல்லாடியமும் ரோடியமும் பூசிய ஒரு சாமானைக் கழற்றிவிட்டு, ஊர் பிள்ளைகளின் மூக்குக்குள் அது சுத்தம் செய்யாத புகையை விடுவதற்கு மூன்று குதிரை அல்ல, முப்பது குதிரை வந்தாலும் எனக்குச் சம்மதம் இல்லை.

அந்தக் கன்வர்ட்டர்தான் அடுத்த வீட்டுப் பாட்டிக்கும் எனக்கும் சண்டை மூட்டியது. குளிர்ந்து கிடக்கும் இன்ஜினை எழுப்பினால் வண்டியின் கணினி வேண்டுமென்றே சுற்றை ஏற்றி, தீப்பொறியைத் தாமதப்படுத்தும். நெருப்பு பாதி உள்ளே, பாதி பைப்பில். கன்வர்ட்டர் சுமார் 300 டிகிரியைத் தொட்டால்தான் வேலையை ஆரம்பிக்கும், அதைச் சீக்கிரம் சூடாக்கத்தான் இந்த ஏற்பாடு. விளைவு, ஒரு நாளில் வண்டி மிக மோசமாகக் கத்தும் நேரம் காலை ஐந்தரை மணி, என் வீட்டு வாசலில். டெக்சஸ் சட்டத்தில் வண்டிச் சத்தத்துக்கு டெசிபெல் எண் கிடையாது. அளவு மீறிய, வழக்கத்துக்கு மாறான சத்தம் கூடாது என்பதோடு சரி. பாட்டிக்கு அது போதுமானதாக இருந்தது. மறுநாளிலிருந்து வண்டியைத் தலைகீழாக, மூக்கு கராஜைப் பார்க்காமல் தெருவைப் பார்க்க நிறுத்தினேன். வால் எங்கள் படுக்கையறைப் பக்கம் வந்தது. அது வேறு சண்டை.

சரி, கிரைண்டருக்கு வருகிறேன்.

சான் அன்டோனியோ போகும் வழியெல்லாம் அந்தச் சத்தம் வருவதும் நிற்பதுமாக இருந்தது. மேடு ஏறினால் நின்றது, சமதரையில் வந்தது. காதில் கேட்டதைவிட நெஞ்சிலும் இருக்கையிலும் உணர்ந்ததுதான் அதிகம். கொலம்பஸ் தாண்டும்போது டாஷ்போர்டு திரையைத் தற்செயலாகப் பார்த்தேன். வி8 என்று இருந்தது வி4 என்று மாறியது. கிரைண்டர் ஆரம்பித்தது.

இந்த இன்ஜின் பாரம் இல்லாதபோது பெட்ரோலை மிச்சம் பிடிக்க நான்கு சிலிண்டரைத் தூங்க வைத்துவிடும். 1, 4, 6, 7 தூங்கும், மற்ற நான்கும் இழுக்கும். வாங்கியதிலிருந்து எனக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனால் அதற்கு ஒரு குரல் இருக்கிறது என்று தெரியாது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 70 மைலில் ஆறாவது கியரில் என் வண்டி 1,700 ஆர்பிஎம். எட்டும் ஓடினால் ஒரு சுற்றுக்கு நான்கு வெடி, வினாடிக்கு 113. நான்கு தூங்கினால் அதில் பாதி, 57. புது மஃப்ளரில் இருக்கும் கண்ணாடிப் பஞ்சு கீச்சுச் சத்தத்தை நன்றாகக் குடிக்கும், 57 ஹெர்ட்ஸைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. அவ்வளவு நீளமான அலையை அடக்கப் பெரிய வயிறு வேண்டும். அறை அறையாகத் தடுத்து, அலையை அலையோடு மோதவிட்டுக் கொல்ல இடம் வேண்டும். நான் குண்டு என்று கேலி செய்த அந்தப் பழைய மஃப்ளர் எதற்காகக் குண்டாக இருந்தது என்று, சான் அன்டோனியோ ஹோட்டலில் தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருக்கும்போது புரிந்தது.

போனில் டெசிபெல் ஆப் வைத்துப் பார்த்ததில் கூடியது வெறும் இரண்டு. மனைவியிடம் காட்டினேன். “உங்க போனுக்குக் காது கேக்கலைங்க” என்றாள். விளையாட்டாகச் சொன்னாலும் அதுதான் நிஜம். அந்த ஆப்கள் பெரும்பாலும் காட்டுவது ‘ஏ’ டெசிபெல். மனிதக் காது தாழ்ந்த சத்தத்தை மந்தமாகக் கேட்கும் என்று கணக்கு வைத்து, 63 ஹெர்ட்ஸில் 26 டெசிபெல்லைக் கழித்துவிட்டுத்தான் எண்ணைக் காட்டும். மூன்று மணி நேரம் நெஞ்சில் தட்டுவதற்கு அதில் கணக்கு இல்லை.

திரும்பி வரும்போது கியரை எம்-இல், அதாவது நாமே கியரைத் தேர்ந்தெடுக்கும் நிலையில் போட்டு, ஐந்தாவதில் ஓட்டினேன். வி4 வரவில்லை, கிரைண்டரும் வரவில்லை, பெட்ரோல் முள் மட்டும் வேகமாக இறங்கியது.

திங்கட்கிழமை பெரியவரிடம் போனேன். ஏற்கெனவே படித்துவிட்டுப் போயிருந்ததால், “ஜே பைப் வச்சுத் தாங்க” என்றேன். பைப்பின் ஓரத்தில் முனை மூடிய கிளைக்குழாய் ஒன்றை வெல்டு செய்வது. சத்தம் அதற்குள் போய் முட்டித் திரும்பி, வரும் சத்தத்தோடு மோதி இரண்டும் அழியும். இதற்குப் பெயர் கால் அலைக் குழாய். குழாயின் நீளம் அலை நீளத்தில் கால்வாசி இருக்கவேண்டும். 200 டிகிரி சூட்டில் ஒலி வினாடிக்கு சுமார் 436 மீட்டர் ஓடும். 113 ஹெர்ட்ஸுக்கு ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகப் போதும். 57-க்கு 1.9 மீட்டர். பெரியவர் டேப்பை இழுத்து வண்டிக்கு அடியில் காட்டினார். ஒரு பக்கம் டிரைவ் ஷாஃப்ட், மறுபக்கம் பெட்ரோல் டேங்க். “உன்னைவிட உயரமான குழாயை எங்கே தொங்கவிட?” என்றார். என் உயரத்தை இழுத்திருக்கவேண்டாம்.

கடைசியில் இரண்டு வேலை நடந்தது. நேர்ப்பைப் மஃப்ளரை எடுத்துவிட்டு, உள்ளே அறைகள் வைத்த நீளமான ஒன்றைப் போட்டார், இன்னொரு 260 டாலர். அப்புறம் ஸ்டியரிங்குக்குக் கீழே, வண்டியின் கணினியோடு பேச இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் தீப்பெட்டி அளவு ஒரு பிளக். அது செருகியிருக்கும்வரை நான்கு சிலிண்டரும் தூங்காது. பிடுங்கினால் பழையபடி. நெடுஞ்சாலையில் மைலேஜ் கேலனுக்கு ஒரு மைல் குறைகிறது. பாட்டி இப்போது கை காட்டுகிறார். பாலத்துக்கு அடியில் போனால் இன்னமும் எனக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு அந்தத் தாளம் இருக்கிறது. மொத்தச் செலவு 500 டாலரைத் தாண்டியதை வீட்டில் இரண்டு தவணையாகச் சொன்னேன்.

பழைய மஃப்ளர் கராஜ் பரணில் இருக்கிறது.

போன மாதம் பியர்லாந்து மீனாட்சி கோயிலில் தரிசனம் முடிந்து வண்டியை எடுக்கும்போது கல்லூரிப் பையன் ஒருவன் ஓடி வந்தான். அவனுக்கும் சில்வராடோதானாம், அப்பா வாங்கிக் கொடுத்ததாம். “அண்ணா, சவுண்டு செமயா இருக்கு. நான் நேர்ப்பைப் போடலாம்னு இருக்கேன், இன்னும் கெத்தா இருக்கும்ல?” என்றான். என்னுடைய நேர்ப்பைப் மஃப்ளரை அவனுக்கே விற்றுவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது உண்மை. அது கராஜில் பரணுக்குக் கீழேயே கிடக்கிறது. அடுத்த நொடி குனிந்து பிளக்கைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இப்போது இருக்கும் மஃப்ளரிலும் வி4 வந்தால் கிரைண்டர் உண்டு, பக்கத்து அறைக்குத் தள்ளி வைத்த மாதிரி.

“ஏறு தம்பி, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்.”

288 நெடுஞ்சாலையில் ஏறித் தெற்கே திரும்பினேன். பையன் ஜன்னலை இறக்கிச் சத்தத்தை ரசித்துக்கொண்டே வந்தான். 70-இல் க்ரூஸைப் போட்டேன், ஜன்னலை ஏற்றச் சொன்னேன். திரையில் வி4 வந்தது. பையன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் மெதுவாகத் தலையைத் திருப்பிப் பின் சீட்டைப் பார்த்தான்.